பத்தாம் அறைத் தொலைபேசி

3 செப்டம்பர் 2019, செவ்வாய்

கணக்குப் பிரிவில் பதினோரு தொலைபேசி முடிந்தது. பன்னிரண்டாவதற்குக் கேபிள் நகரவில்லை. குழாய்க்குள் எலிக்கூடு. நிங்ரும் ஏணியில் நின்றபடியே கேட்டாள்: "பாக் மின், இந்தக் குழாய் எங்க போய் வெளிய வருது?"

படிக்கட்டுக்குப் பின்னால், தொழுகை அறையின் இடது மூலையில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில். சுண்ணாம்பு பூசி மறைத்திருப்பார்கள், தட்டினால் ஓசை மாறும் என்றேன். போய்த் தட்டினாள். மாறியது.

"உங்கள வேலைக்கு வச்சதுதான் இந்த வருசம் நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம்" என்றாள்.

இந்தக் கம்பெனிக் கட்டடத்துக்கு வரைபடம் கிடையாது. 1987-இல் இதற்குள் தொலைபேசிக் கம்பி இழுத்தவன் நான். மூன்று மாடி, நூற்றுப் பதினெட்டு இணைப்பு. அப்போது எனக்கு எழுதத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டேன். இப்போது அந்தக் கம்பியெல்லாம் போகிறது. இணையத்தில் பேசும் தொலைபேசி வருகிறது. மேசைக்கு ஒன்று, எண்பத்தாறு மேசை. ஒப்பந்தக்காரர்கள் பொறியாளர் என்று நிங்ருமை அனுப்பினார்கள். அவள் வாசல் காப்பிக் கடையில் விசாரித்து என்னைப் பிடித்தாள். இருபத்தைந்து வருடம் கழித்து இந்த வாசலுக்குள் வந்திருக்கிறேன், தினக்கூலியாக.

மதியம் படிக்கட்டில் அவன் எதிரே வந்தான். ஹர்சோயோ. இப்போது பொது நிர்வாக மேலாளர். பத்திக் சட்டை, அத்தர் வாசனை. என் பையின் வாரை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"என்ன மின், இன்னும் உசுரோடதான் இருக்கியா? பையில என்ன இவ்ளோ கனம்? செம்பா?"

கூட வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. மேலாளர் சிரித்தால் சிரிப்பார்கள்.

"இடுக்கிதான் பாக்" என்றேன். நானும் சிரித்தபடியேதான் சொன்னேன். பாக் என்று மரியாதை வைத்தேன். அவன் எனக்கு வைக்கவில்லை. என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவன்.

4 செப்டம்பர், புதன்

காவலாளி சொன்னான். ஹர்சோயோவுக்கு இந்த மாதம் முப்பதாம் தேதியோடு ஓய்வு. இருபத்தாறு நாள் இருக்கிறது.

5 செப்டம்பர், வியாழன்

என் பெண்டாட்டி காத்தினெம் சந்தைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். அவள் முன்னால் எழுதினால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

1994 ஆகஸ்ட் 22, திங்கள். கிடங்கில் பதினான்கு சுருள் செம்புக்கம்பி காணாமல் போயிருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை ஹர்சோயோ என்னைக் கூப்பிட்டான். அப்போது குமாஸ்தா. மணிமணியான கையெழுத்து. ஒரு தாளை நீட்டினான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மின், அன்னைக்கு நீ வேலையில இருந்தேன்னு எழுதியிருக்கு. கைநாட்டு வை." வைத்தேன். விரல் மையைத் துடைத்துக்கொள்ள அவனே தன் கைக்குட்டையைக் கொடுத்தான்.

திங்கள் காலை முற்றத்தில் முந்நூறு பேர் வரிசையில் நிற்க, ஒலிபெருக்கியில் அந்தத் தாளை வாசித்தான். வகிமினாகிய நான் பதினான்கு சுருளையும் எடுத்து விற்றேன். கீழே என் கைநாட்டு. என் கழுத்தில் ஒரு சுருள் கம்பியை மாலை மாதிரி மாட்டி வாசல் வரை நடத்தினார்கள். வாசலுக்கு வெளியே காத்தினெம் கடலைச் சாறு ஊற்றிய பெச்செல் சோறு விற்றுக்கொண்டிருந்தாள். இலையில் பாதிச் சோறு வைத்த கை அப்படியே நின்றது. அன்று கட்டிய கூடையை அவள் மறுபடி அங்கே இறக்கவில்லை. திருடன் பெண்டாட்டியிடம் யார் சோறு வாங்குவார்கள்?

எடுத்தவர் கிடங்குத் தலைவர், ஹர்சோயோவின் மாமனார். அந்தச் செம்பை ஏற்றிப்போன லாரிக்காரன் சாகக் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். மாமனாரும் செத்துப் பதினோரு வருடமாகிறது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் திருடன், திருடினார். இவன் கைக்குட்டை கொடுத்தவன்.

அறுபத்திரண்டு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். "குர்ஆன் ஓதவா பாக்?" என்று டீச்சர் கேட்டாள். ஆமாம் என்றேன். பொய். இனி எவனும் என் மூஞ்சிக்கு முன்னால தாளை நீட்டிப் பொய் படிக்கக் கூடாது. அதுக்குத்தான். தினம் எழுதினால்தான் எழுத்து தங்கும் என்றாள். அப்படித்தான் இந்த நோட்டு.

9 செப்டம்பர், திங்கள்

அதே முற்றம், அதே திங்கள் வரிசை. இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஏற்றுமதிப் பிரிவில் ஓர் அம்மாளுக்கு ஓய்வு. ஒலிபெருக்கியில் எல்லாரும் சொல்வதையே சொன்னார்: தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை அகத்தாலும் புறத்தாலும் மன்னியுங்கள். இருநூறு பேர் ஒரே குரலில் மன்னித்தார்கள். பிறகு வரிசையாகப் போய்க் கை கொடுத்தார்கள்.

முப்பதாம் தேதி அவனும் இதைத்தான் சொல்லிவிட்டுப் போவான். இருபத்தைந்து வருடமாக நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலில் என் கையைப் பிடித்து இதையேதான் சொல்கிறான். என் கை அவன் கையில் இருக்கும். நான் அதில் இருக்க மாட்டேன்.

எல்லாரிடமும் மொத்தமாகக் கேட்பது என்ன மன்னிப்பு? என்ன பிழைடா? யாருக்குச் செஞ்ச? பேரைச் சொல்லு. செம்புன்னு சொல்லு. தாள்னு சொல்லு. அதே முற்றத்துல, அதே ஒலிபெருக்கியில சொல்லு.

எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். அவன் ஓய்வு பெற்றுப் போய்விட்டால் அந்த முற்றமும் ஒலிபெருக்கியும் அவனுக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது. மூன்று திங்கள்கிழமை மிச்சம்.

எப்படிப் பிடுங்குவது?

12 செப்டம்பர், வியாழன்

இன்று ஒன்று கற்றுக்கொண்டேன்.

இந்தத் தொலைபேசியின் முதுகில் இரண்டு துளை. ஒன்றிலிருந்து கேபிள் சுவருக்குப் போகிறது. பேச்சு, மின்சாரம் இரண்டும் அதிலேயே வருகின்றன. மற்றதிலிருந்து இன்னொரு கேபிள் மேசைக் கணினிக்குப் போகிறது. சுவரிலும் மேசைக்கு இரண்டு துளை. ஒன்று உபரி, ஆனால் அதிலும் உயிர் இருக்கிறது.

ஒரு கேபிள் முனையை எடுத்துக்கொண்டு உபரித் துளைக்கு அருகே போனேன். நிங்ரும் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"ஐயோ பாக் மின்! ரெண்டு வாலையும் செவுத்துல சொருகினா போச்சு. பேச்சு இதுல போய் அதுல திரும்பி வரும், வந்தது மறுபடி போகும், சுத்திச் சுத்திக் கூட்டம் சேர்ந்து மூச்சு முட்டிப்போகும். எண்பத்தாறும் ஒண்ணா செத்துடும்."

"ஒரு வாலுக்கா?"

"ஒரே வாலுக்கு. அதத் தடுக்க, எல்லாக் கேபிளும் போய்ச் சேர்ற பெட்டியிலேயே ஒரு ஏற்பாடு இருக்கு, அதுக்கு எனக்கு ஒரு வாரம் வேணும். இவங்க இருபதாம் தேதியே திறப்பு விழாங்கிறாங்க. அதுவரைக்கும் நம்ம கைதான் காவல். உபரி ஓட்டை எல்லாத்துலயும் மூடி போட்டுடுங்க. ஆள் இல்லாத மேசையில வாலை உருவிடுங்க. உங்க பொறுப்பு."

சரி என்றேன்.

13 செப்டம்பர், வெள்ளி

எண்பத்தாறு. ஒரு வால்.

17 செப்டம்பர், செவ்வாய்

பத்தாம் அறை. அவன் அறை.

அவன் இல்லை. தலைமை அலுவலகப் பெரியவரை அழைத்துவர ஜகார்த்தா போயிருக்கிறான். வெள்ளி காலைதான் வருவான். அவனுடைய கணினியை இப்போதே எடுத்துப் புது மேலாளருக்குக் கொடுத்துவிட்டார்கள். மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாத சதுரமாக இருந்தது. சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன்.

மற்றபடி எல்லாம் அவன் ஒழுங்குதான். பேனாக்கள் உயர வரிசையில். காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துபோய் நேராக்குவான். 94-லும் அப்படித்தான். அந்தச் சனிக்கிழமை என் கைநாட்டு கோணலாக விழுந்தது என்று இன்னொரு முறை நேராக வைக்கச் சொன்னவன்.

தொலைபேசியை மாட்டினேன். கணினி இல்லாததால் இரண்டாவது கேபிள் மேசை விளிம்பில் தொங்கியது. உருவியிருக்க வேண்டும். சுவரில் ஒரு சாண் தள்ளி உபரித் துளை. மூடியிருக்க வேண்டும். மூடி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

நான் சொருகவில்லை. சொருகவும் மாட்டேன். தொங்கவிட்டேன், அவ்வளவுதான். தொங்குகிற ஒன்றை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நிங்ரும் கீழே இருந்து கத்தினாள்: "பத்தாம் ரூம் முடிஞ்சுதா? மூடி போட்டாச்சா?"

"முடிஞ்சுது" என்றேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

18 செப்டம்பர், புதன்

போய் உருவிவிடலாமா?

இல்லை.

20 செப்டம்பர், வெள்ளி

கை வலிக்க வலிக்க எழுதுகிறேன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

கூடத்தில் மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, சுற்றிக் கோழியும் சோயா டெம்பேயும் வைத்திருந்தார்கள். எட்டரை மணிக்கு ஹர்சோயோ பெரியவரோடு வந்து இறங்கினான். அவரை உட்கார வைத்துவிட்டுப் பையை வைக்கத் தன் அறைக்குப் போனான். நான் கூடத்தில் ஏணிமேல், பெரியவரின் ஆட்கள் துணிப் பதாகையை இந்தப் பக்கம் தூக்கு, அந்தப் பக்கம் இறக்கு என்று சொல்லச் சொல்லக் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி வந்தபோது கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டே வந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. 

ஒன்பது மணிக்குத் துஆ ஓதி, பெரியவர் ஜகார்த்தாவுக்கு முதல் அழைப்பு போடத் தொலைபேசியை எடுத்தார். ஓசை இல்லை. அடுத்ததை எடுத்தார். அதுவும் செத்திருந்தது. வரவேற்பு, கணக்கு, கிடங்கு, ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஆள் ஓடிவந்து "எங்களோடதும் போச்சு" என்றார்கள். பெட்டி அறையில் விளக்குகளெல்லாம் ஒன்றாகப் பைத்தியம் பிடித்த மாதிரி மின்னின. நிங்ரும் மண்டியிட்டு ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்தாள். தலைத்துணி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

பெரியவர் சத்தம் போடவில்லை. "இந்தப் பொண்ணோட கம்பெனி இனி வேண்டாம். எழுதி அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போது ஹர்சோயோ முன்னால் வந்தான். "ஐயா, நான் அப்பவே தடுத்தேன். இதோ நிக்கிறானே, இவனை உள்ள விட வேணாம்னு. இவன் கதை பழைய கதை. இவன் கைநாட்டோட தாளே இருந்துச்சு. இவனைக் கேளுங்க, என்ன செஞ்சான்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதே கட்டடம். அதே வாய்.

நிங்ருமும் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுவரில் மணி பார்த்தேன், ஒன்பது பத்து. ஒன்பது இருபத்திரண்டு வரை நின்றேன். அந்தப் பன்னிரண்டு நிமிடம் இனித்தது. அதையும் எழுதுகிறேன், இனித்தது.

பிறகு படியேறிப் பத்தாம் அறைக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்க ஹர்சோயோ பின்னாலேயே வந்தான். கேபிள் முனை சுவரில் இருந்தது. மீதி நீளத்தை மடித்து ரப்பர் வளையம் வேறு போட்டிருந்தான்.

பிடுங்கினேன். மேசைத் தொலைபேசியில் வெளிச்சம் வந்தது. கீழே ஒவ்வொன்றாக உயிர் வருகிற சத்தமும், யாரோ "வந்துடுச்சு!" என்று கத்துவதும் கேட்டது.

"என்ன செஞ்ச?" என்றான்.

"நீ சொருகினத உருவினேன்."

அவன் முகம் முதலில் என் வார்த்தைக்கு மாறவில்லை, நீ என்றதற்குத்தான் மாறியது.

"தொங்கிட்டிருந்துச்சு. எடுத்து வச்சேன். இதுல என்ன? நீதானே தொங்கவிட்ட!"

"ஆமா. நான் தொங்கவிட்டேன். நீ சொருகின. பொண்ணோட பெட்டி எல்லாத்தையும் நிமிசத்தோட எழுதி வச்சிருக்கும். பத்தாம் ரூம், ஒன்பதுக்கு முன்னால. அந்நேரம் நான் எங்க இருந்தேன்னு பெரியவரோட ஆளுங்களக் கேளு. இப்ப கீழ போய் நான் சொல்லட்டா, இல்ல நீ சொல்றியா?"

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "பத்து நாள்ல போகப்போறவன் நான் மின். கேடயம் குடுக்க அவரே திரும்ப வர்றாரு. என்ன வேணும் உனக்கு?"

"முப்பதாம் தேதி. முற்றத்துல. ஒலிபெருக்கியில. தாள்ல என்ன எழுதின, என்கிட்ட என்னன்னு படிச்ச, ரெண்டையும் சொல்லணும்."

 நான் கீழே வந்தேன். ஒரு கேபிள் தவறான இடத்தில் பட்டுக்கொண்டிருந்தது, சரிசெய்துவிட்டேன் என்றேன். பெரியவர் ஜகார்த்தாவோடு பேசினார். நிங்ருமைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மஞ்சள் சோறு தின்றோம். வயிறு நிறையத் தின்றேன்.

21 செப்டம்பர், சனி

நிங்ரும் பெட்டி எழுதிவைத்ததைப் படித்துவிட்டாள்.

"பாக் மின், பத்தாம் ரூம். அந்த ஓட்டைக்கு மூடி போட்டீங்களா?"

"மறந்துட்டேன் போல."

"மறந்துட்டீங்களா?" சிரிக்காமல் கேட்டாள். "எண்பத்தேழுல இழுத்த நூத்திப் பதினெட்டு கம்பி மறக்கல. நாலு நாள் முன்னால ஒரு மூடி மறந்துடுச்சு?"

நான் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என் வேலை போயிருக்கும் பாக் மின். எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

24 செப்டம்பர், செவ்வாய்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு பெரிய பொட்டலம். பிஸ்கட் டின், சர்க்கரை, ஒரு புதுக் கைலி. ஹர்சோயோ வந்துபோயிருக்கிறான். காத்தினெம் சொன்னாள்: "வாசல்லயே நின்னான். பழசெல்லாம் மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னான். என் கையைக்கூடப் பிடிச்சான்."

"நீ என்ன சொன்ன?"

"காப்பி குடிக்கிறீங்களான்னு கேட்டேன். வேற என்ன சொல்ல?"

பொட்டலத்தைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும். முந்நூறு பேர் முன்னால் அவிழ்த்த துணியை வீட்டு வாசலில் வந்து கட்டிவிடுகிறானாம்.

27 செப்டம்பர், வெள்ளி

வேலை முடிந்தது. நிங்ரும் கூலியைக் கையில் கொடுத்தாள். அடுத்த மாதம் கிரெசிக்கில் ஒரு மருத்துவமனை, முந்நூறு தொலைபேசி. என்னைக் கூட்டிப்போவதாக முதல் வாரமே சொல்லியிருந்தாள்.

"கிரெசிக்குக்கு வேற ஆள் பார்த்துட்டேன்" என்றாள். "உங்க அளவுக்கு வராது. ஆனா போட்டேன்னு சொன்னா மூடி போட்டிருக்கும்."

போட்டேன் என்று நான் சொல்லவேயில்லை. முடிந்தது என்றுதான் சொன்னேன். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தாளைப் பற்றி ஹர்சோயோவைக் கேட்டால் அவனும் இப்படித்தான் ஏதாவது சொல்வான். வாயை மூடிக்கொண்டேன்.

30 செப்டம்பர், திங்கள்

வேலை இல்லாவிட்டாலும் போனேன். காவலாளி விட்டான். காத்தினெமையும் கூட்டிப்போய்ச் சுவருக்கு வெளியே, டயர்க் கடை நிழலில் நிற்க வைத்தேன். உள்ளே வர மாட்டேன் என்றாள்.

பெரியவர் கேடயம் கொடுத்தார். ஹர்சோயோ ஒலிபெருக்கியைப் பிடித்து, நன்றி, கம்பெனி, குடும்பம் எல்லாம் சொன்னான். அகத்தாலும் புறத்தாலும் என்று ஆரம்பித்தான். இருநூறு பேரும் மன்னிக்க வாயைத் திறந்தார்கள். அவன் கண் வரிசைகளைத் தாண்டி வந்து என்மேல் நின்றது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றான். "தொண்ணூத்தி நாலுல இங்க பதினாலு சுருள் செம்பு காணாமப் போச்சு. பாக் வகிமின்னு ஒருத்தர் எடுத்ததா ஒரு தாளை இதே இடத்துல நான் வாசிச்சேன். அவர் எடுக்கல. எடுக்கலன்னு அப்பவே எனக்குத் தெரியும். அந்தத் தாளை எழுதினவன் நான். அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். நீ வேலையில இருந்தேன்னு மட்டும்தான் எழுதியிருக்குன்னு சொல்லிக் கைநாட்டு வாங்கினேன்."

 பிறகு பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். விடைபெறும் பேச்சுக்குத் தட்டுவார்கள் அல்லவா, எல்லாரும் தட்டினார்கள்.

பக்கத்தில் நின்ற ஒருவன், முப்பது வயது இருக்கும், குனிந்து என்னிடம் கேட்டான்: "யாரு பாக் அந்த வகிமின்? செத்துட்டாரா?"

"இல்ல. இருக்காரு" என்றேன்.

தலைகளை எண்ணிப் பார்த்தேன். அன்று அந்த முற்றத்தில் நின்றவர்களில் இன்று மூன்றே பேர். ஒருவர் காவலாளி, இன்னொருவர் தோட்டக்காரர், மூன்றாவது ஆள் எதையும் கவனிக்காமல் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய முந்நூறு பேரில் பாதி மண்ணுக்குள். அவர்களுக்கு நான் திருடனாகவே போய்விட்டேன். அதை எந்த ஒலிபெருக்கியாலும் மாற்ற முடியாது.

கை கொடுக்கும் வரிசையில் நானும் நின்றேன். என் முறை வந்தது. அவன் இரண்டு கையையும் நீட்டினான். உள்ளங்கை ஈரமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரியாது. தொடவில்லை.

"கேட்டேன் பாக்" என்றேன். "கேட்டேன். அவ்வளவுதான். மன்னிச்சேன்னு சொல்லல."

வெளியே வந்தேன். காத்தினெம் சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு. பேர் நல்லாவே கேட்டுச்சு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவன் குரலும் கிழடு தட்டிப்போச்சு" என்றாள்.

1 அக்டோபர், செவ்வாய்

பழக்கத்தில் ஐந்து மணிக்கு எழுந்து பையில் இடுக்கியை எடுத்து வைத்தேன். போக இடம் இல்லை என்பது பையைத் தோளில் மாட்டிய பிறகுதான் நினைவு வந்தது. நாள் முழுதும் ஹர்சோயோவைப் பற்றி நினைப்பேன் என்று இருந்தேன். நினைத்தது நிங்ருமின் உதட்டை.

கைப்பேசியை எடுத்து அவளுக்கு எழுதினேன். மன்னித்துக்கொள் என்று முதலில் எழுதி, அழித்துவிட்டேன். பிறகு இப்படி எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேட மதியம் ஆகிவிட்டது.

'பத்தாம் அறைத் துளைக்கு மூடி போடவில்லை. மறக்கவில்லை. மூடி என் சட்டைப் பையில் இருந்தது. அவன் சொருகுவான் என்று தெரிந்தே விட்டேன். எல்லாம் செத்த பிறகு எங்கே என்று தெரிந்தும் பன்னிரண்டு நிமிடம் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வகிமின்.'

அனுப்பினேன். சற்று நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. படித்துவிட்டாள்.

மணி நான்கு. பதில் இல்லை. கைப்பேசி பக்கத்தில்தான் இருக்கிறது, முகம் மேலே பார்த்தபடி.